பழைய .315 ரைஃபிள் கிடைக்கிறது, குழல் தேய்ந்திருக்கிறது: வாங்கினவர்கள், விட்டவர்கள் சொல்லுங்கள்

உச்சிப்புளி தோப்புக்காரன்:

அப்பாவின் டபுள் பேரல் (இரட்டைக் குழல்) துப்பாக்கி என் பெயருக்கு மாறி ஒன்பது வருடம் ஆகிறது. லைசென்ஸ் புதுப்பிக்கவும், தேர்தல் வந்தால் ஒப்படைக்கவும்தான் அது பீரோவை விட்டு வெளியே வரும். அப்படிப்பட்டவனுக்கு இன்னொரு துப்பாக்கி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். என்னிடம் நேர்மையான பதில் இல்லை. பத்து வயதில் பெரியபட்டினத்து மாமா வீட்டுச் சுவரில் அந்த ரைஃபிளைப் பார்த்த நாளிலிருந்து அதன்மேல் ஒரு கண். அவ்வளவுதான். (அவர் மரைக்காயர், நான் வேறு. எங்கள் பக்கத்தில் மாமா, மாப்பிள்ளை என்று கூப்பிட அதெல்லாம் குறுக்கே வராது.)

மாமாவுக்கு இப்போது 76. பிள்ளைகள் இரண்டு பேரும் துபாயில். "எனக்குப் பின்னாடி இதுக்காக எவன் கலெக்டர் ஆபீசுக்கு அலைவான்? நீ எடுத்துக்க மாப்ளே" என்றார். விலையையும் நான் கேட்காமலே குறைத்தார். அங்கேதான் எனக்கு லேசாக இடித்தது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. .303 ராணுவ ரகம் என்பதால் நம்மைப் போன்றவர்கள் வைத்திருக்க முடியாது. அதே மாதிரி போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பின்னால் அடைக்கிற இரும்புத் தண்டு) அமைப்பில், தோட்டா அளவை மாற்றி, வங்காளத்து ஈஷாப்பூர் தொழிற்சாலை செய்ததுதான் இந்த .315.

திண்ணையில் உட்கார்ந்து போல்ட்டை உருவினேன். வாசல் வெளிச்சத்துக்கு நேரே குழலைப் பிடித்துப் பின்பக்கமாகக் கண்ணை வைத்தேன். நல்ல குழலில் உள்மரை (குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய சுருள் பள்ளம்) பளிச்சென்று சுற்றிக்கொண்டே போகும். இதில் பாதிவரை மங்கல். அங்கங்கே அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். வாய்ப் பக்கம் நெருங்க நெருங்க மரையின் விளிம்பே கரைந்து, சப்பிப் போட்ட பனங்கொட்டை மாதிரி மழுங்கியிருந்தது.

அப்புறம் மாமாவே ஒரு தோட்டாவை எடுத்து, குண்டின் முனையைக் குழல் வாயில் விட்டுக் காட்டினார். கொஞ்சம் உள்ளே போய்ப் பிடித்து நிற்க வேண்டும். இது பித்தளைக் கூடு வாயில் 'டக்' என்று முட்டும்வரை இறங்கியது. விரலால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நுனியில ஒரு இஞ்ச் அறுத்துட்டா புதுசு மாதிரி ஆயிரும்" என்றார்.

வாங்கலாமா, விட்டுவிடலாமா?

தேவிபட்டினம், முன்னாள் ராணுவம்:

தம்பி, நீங்கள் சொல்வது சுட்டுத் தேய்ந்த குழல் இல்லை, துடைத்துத் தேய்ந்த குழல். சுட்டுத் தேய்ந்தால் தோட்டா உட்காரும் அறைக்கு முன்னால்தான் முதலில் அரிக்கும், சூடும் அழுத்தமும் அங்கேதான் அதிகம். வாய்ப் பக்கம் மட்டும் மழுங்கினால் அது கயிற்றின் வேலை. பட்டாளத்தில் புல்த்ரூ என்போம். நுனியில் துணியைக் கட்டிக் குழலுக்குள் விட்டு இழுப்பது. நேராக இழுக்காமல் ஒரு பக்கம் சாய்த்து, மண்ணும் கரியும் ஒட்டிய கயிற்றை வருடக்கணக்கில் இழுத்தால் அது அரம் மாதிரி அறுக்கும். பழைய கிணற்றுக் கல்லில் கயிறு விழுந்த தடத்தைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை.

அந்த அம்மைத் தழும்பு வேறு சங்கதி. பழைய தோட்டாவின் கேப்பில் (ஊசி அடித்ததும் முதலில் பொறி பிடிக்கிற அடிமூடி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். அதுவும் ஒரு உப்புதான். ஐப்பசி கார்த்திகையில் அடுக்களை உப்பு ஜாடி என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அதே மாதிரி நீர் கோத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் போட்டுத் துடைத்தேன் என்பார்கள். உப்பு எண்ணெயில் கரையுமா? சுட்ட அன்றைக்கே பின்பக்கமாக வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, அதற்கப்புறம்தான் எண்ணெய். பட்டாளத்தில் இதைச் செய்யாமல் படுத்தவன் மறுநாள் மைதானத்தைச் சுற்றி ஓடியிருக்கிறான். ஓடியவர்களில் அடியேனும் ஒருவன்.

குழிக்காக மட்டும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மங்கிய குழல் ஒழுங்காகச் சுட்டதையும் பார்த்திருக்கிறேன். வாய் போனால்தான் கஷ்டம், குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. போல்ட் கைப்பிடியில் அடித்த எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்தீர்களா? வேறு போல்ட் மாட்டியிருந்தால் குழலைப் பற்றிப் பேசவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தொண்டி:

நான் ஏமாந்தது நேர்மாறாக. எனக்கு வந்த குழல் உள்ளே கண்ணாடி மாதிரி மின்னியது. சந்தோஷமாக வாங்கிவிட்டேன். 50 மீட்டரில் தாள் வைத்துச் சுட்டால் வட்ட ஓட்டை விழவில்லை, புளியங்கொட்டை மாதிரி நீளமாகக் கிழிந்திருந்தது. மரை பிடிக்காததால் குண்டு சுழலாமல், போகிற வழியிலேயே குப்புற விழுந்து பக்கவாட்டில் போய் மோதியிருக்கிறது. முன்னால் இருந்தவர் தேய்த்துத் தேய்த்தே அந்தப் பளபளப்பைக் கொண்டுவந்திருக்கிறார்! சுட்ட தாளைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஒரு தேர்தலுக்கு ஒப்படைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து வாங்கப் போனேன். சாக்குச் சுற்றி, கடற்கரையை ஒட்டிய ஒரு அறையில் சாத்தி வைத்திருந்தார்கள். குழல் முழுக்கச் செம்பூத்து நிறம். கேட்டால், "நாங்க என்ன சார் பண்றது, இந்த ஊர்ல கதவு கீலே நிக்க மாட்டேங்குது" என்றார் அங்கிருந்தவர். அதுவும் உண்மைதான். அதிலிருந்து கிரீஸ் நிறையப் பூசிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

வாலிநோக்கம் உப்பளம்:

அந்த ஒரு இஞ்ச் அறுக்கிற யோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அதற்கென்று உரிமம் இல்லாதவர் குழலைக் குறைப்பது ஆயுதச் சட்டம் 6-ஆம் பிரிவில் குற்றம். உங்கள் ஊர் லேத்துக்காரர் நல்லவராக இருக்கலாம், அவரையும் சேர்த்து மாட்டிவிடாதீர்கள்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. அப்பாவுடையது ஒன்று போனால் மிச்சம் ஒரே இடம். அதைப் போய் இதற்கா கொடுப்பது? அப்படியும் வாங்குவதானால், விற்கிறவர் கலெக்டருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும். ஆசை ஆற அந்த 45 நாள் போதும்.

உச்சிப்புளி தோப்புக்காரன்:

45 நாள் தேவைப்படவில்லை. எண்கள் ஒத்திருந்தன, அதில் மாமா மேல் குறையில்லை. மதுரைப் பக்கம் துப்பாக்கி சுடும் ஒரு ரேஞ்சுக்கு அவரையே அழைத்துப் போனேன். லைசென்ஸ் அவருடையது, சுட்டதும் அவரே. 50 மீட்டரில் ஐந்து குண்டு. மூன்று தாளில் விழுந்தன. அதில் ஒன்று தொண்டிக்காரர் சொன்ன அதே புளியங்கொட்டை. மற்ற இரண்டும் எங்கே போயின என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எனக்குத்தான் பார்வை போயிருச்சோ" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பார்த்திபனூர் தாண்டியதும்தான் வாயைத் திறந்தேன், வேண்டாம் மாமா என்று. "தெரியும் மாப்ளே" என்றார். மதுரையில் லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் ஒப்படைக்க இப்போது மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வீடு போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பது. தேவிபட்டினத்துக்காரர் சொன்னதை நான் சொன்னேன். மாமி டீக்கெட்டிலில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். போல்ட்டை உருவி நான் குழலைச் சாய்த்துப் பிடிக்க, மாமா பின்பக்கமாக ஊற்றினார். வாசலில் முதலில் கறுப்பாகவும், அப்புறம் துருவோடு சிவப்பாகவும் ஓடியது. மூன்றாவது கெட்டிலுக்குத்தான் தண்ணீர் தெளிந்தது.