காலிக் கட்டத்தில் என்ன எழுதுவது?

மருந்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் மூன்று பேர் சொன்னது.

மாத்திரைப் பிரிவு, 11 ஆண்டு அனுபவம்:

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம். 500 மில்லிகிராம் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. அரை மணிக்கு ஒருமுறை 20 மாத்திரைகளை எடைபோட்டு, அந்தத் தொகுதி மருந்துக்கான பதிவேடான பேட்ச் ரெக்கார்டில் எழுத வேண்டும். இரவு இரண்டு மணி எடையை எழுதியவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது மூன்றே கால். இரண்டு கட்டங்கள் காலி. முந்தைய எண்களில் ஒன்றிரண்டு மில்லிகிராம் கூட்டிக் குறைத்து எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன்.

பக்கத்து மிஷின் அண்ணனுக்கு 22 ஆண்டு அனுபவம். என்னைத் திட்டவில்லை. "தம்பி, சத்தம் மாறியிருக்கிறதே, கேட்கிறதா?" என்றார். சத்தியமாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எடைபோட்டோம். நான்கு மாத்திரைகள் சராசரி எடையைவிட 5 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருந்தன; இருபதில் இரண்டுக்கு மேல் அப்படிப் போகக்கூடாது. மிஷினுக்குப் பவுடர் இறங்கும் புனலான ஹாப்பரில் பவுடர் கட்டிதட்டி நின்றிருந்தது. மிஷினை நிறுத்தி, இரண்டு மணிக்குப் பிறகு வந்ததை எல்லாம் தனி டிரம்மில் ஒதுக்கினோம். காலிக் கட்டங்களில் 'எடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது.

காலையில் மேனேஜர் ரெக்கார்டைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "நேற்றுப் பகல் ஷிப்டும் இவன்தானா?" அதன்பிறகு எங்கள் பிரிவில் யாருக்கும் டபுள் டியூட்டி கிடையாது.

பேக்கிங் பிரிவு:

உங்களுக்கு வாய்த்த மேனேஜர் அப்படி. அடுத்த பேட்ச் தொடங்கும்முன் பழையது எதுவும் கிடக்கிறதா என்று பார்ப்பதுதான் லைன் கிளியரன்ஸ். அதில் கன்வேயருக்கு அடியில் பழைய பேட்சின் மாத்திரை ஸ்ட்ரிப் ஒன்றைக் கண்டெடுத்துச் சொன்னேன். லைன் 40 நிமிடம் நின்றது. அந்த மாத ஊக்கத்தொகை எங்கள் குழு மொத்தத்துக்கும் போயிற்று. அடுத்த முறை ஒரு ஸ்ட்ரிப் கிடந்தபோது பக்கத்தில் நின்றவள் காலால் ஓரமாக ஒதுக்கினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்த வாரம்தான் சுவரில் 'தரமே நம் உயிர்' என்று புதிதாக எழுதினார்கள்.

பரிசோதனைக்கூடம்:

2025 அக்டோபர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் என்று அறிக்கை வந்திருந்தது. வரம்பு 0.1. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்திருந்தார்கள். அந்த நாட்களில் எங்களுக்குப் புரொப்பிலீன் கிளைகால் 12 டிரம் வந்தது. சிரப்பில் சேர்க்கும் கரைப்பான் அது; அந்த நச்சு கலந்து வரக்கூடியதும் அதில்தான். "சப்ளையர் சான்றிதழ் இருக்கிறது, ஒன்றில் மட்டும் மாதிரி எடுங்கள்" என்று பர்சேஸ்காரர் அவசரப்படுத்தினார். ஸ்டோர் உதவியாளர் பேசாமல் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். "எல்லாவற்றிலும் எடுங்கள் மேடம், நான் இருக்கிறேன்." முடிக்க இரவு ஒன்பதானது.

பன்னிரண்டும் சுத்தமாகத்தான் இருந்தன. பர்சேஸ்காரர் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.