300 மீட்டர் ஆர்எஸ்-485, 2 மீட்டர் எல்விடிஎஸ்: இரண்டுக்கும் ஒரே சர்ஜ் பாதுகாப்பா?

கெடிலம்: கடலூர் சிப்காட்டில் ஒரு பேனல். பம்ப் ஹவுசுக்கு 300 மீட்டர் ஆர்எஸ்-485 (ஏ, பி என்ற இரண்டு கம்பியில் ஓடும் தகவல் லைன்), வேகம் 19200 பாட். பேனலுக்குள் கேமராவுக்கு 2 மீட்டர் எல்விடிஎஸ் (குறைந்த வோல்டேஜில் வேகமாக ஓடும் ஜோடிக் கம்பி லைன்), வினாடிக்கு 400 மெகாபிட். திடீரென ஏறும் வோல்டேஜுக்கு, அதாவது சர்ஜுக்கு, இரண்டிலும் எஸ்எம்712 டிவிஎஸ் (ஏறும் வோல்டேஜைப் பிடித்துக் கிரவுண்டுக்கு விடும் டயோடு) போதும் என்கிறேன். குறைந்த விலை, சின்ன பார்ட்.

பேனல்_வேலை: போதவே போதாது சார். 8/20 மைக்ரோசெகண்ட் சோதனை அலையில் (8-ல் உச்சம், 20-ல் பாதி) அது 20 ஆம்பியருக்குள்தான் தாங்கும். வெளியே ஓடும் கேபிளில் இடி தூண்டும் மின்னோட்டம் அதைவிடப் பல மடங்கு வரலாம். டெர்மினலில் 90 வோல்ட் ஜிடிடி (வோல்டேஜ் ஏறினால் சுட்டு, அதாவது கடத்தி, சர்ஜை எர்த்துக்கு விடும் வாயுக் குழாய்), அடுத்து கம்பிக்கு ஒரு 10 ஓம் ரெசிஸ்டர், கடைசியில் ஐசி பக்கத்தில் எஸ்எம்712. இந்த மூன்றையும் 485, எல்விடிஎஸ் இரண்டிலும் போடுங்கள். ஜிடிடி மூன்று கால் உள்ளதாக இருக்கட்டும். தனித்தனியாக இரண்டு போட்டால் ஒன்று முந்திச் சுடும். காமன் மோடில் (இரண்டு கம்பியிலும் ஒன்றாக) வந்த சர்ஜ் ஏ, பி நடுவே பாயும்.

கெடிலம்: 10 ஓம் எதற்கு? சிக்னல்தானே குறையும்?

பேனல்_வேலை: அது இல்லாவிட்டால் டிவிஎஸ் முதலில் பிடித்துக்கொள்ளும், வோல்டேஜ் ஏறாது, ஜிடிடி சுடாது, டிவிஎஸ் எரியும். பல்ஸ் தாங்கும் ரகம் வேண்டும். சாதாரண 0603 அளவு சிப் ரெசிஸ்டர் வெடித்துவிடும். 19200 பாட்டில் இந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை.

உப்புக்காற்று: 485-க்குச் சொன்னது சரி. எல்விடிஎஸ்ஸுக்கு இருவர் சொல்வதும் தப்பு. எஸ்எம்712-க்கு கம்பி ஒன்றுக்கு கெப்பாசிட்டன்ஸ் 75 பிகோஃபாரட், ஜோடிக்கு நடுவே சுமார் 37. லைனின் 50 ஓமோடு பெருக்கினால் 1.9 நானோசெகண்ட், ஒரு பிட்டே 2.5 தான். சிக்னல் மழுங்கிவிடும். அதோடு 1.2 வோல்ட்டை ஒட்டி ஆடும் லைனை 12 வோல்ட் பார்ட் எப்படிக் காக்கும்? 0.5 பிகோஃபாரடுக்குக் குறைந்த இஎஸ்டி அரே (நிலைமின் பாய்ச்சலைப் பிடிக்கும் டயோடு தொகுப்பு) போடுங்கள்.

பேனல்_வேலை: ஜிடிடி 1 பிகோஃபாரட் அளவுதானே, இருந்தால் என்ன கெடும்?

உப்புக்காற்று: பேனலைத் தாண்டாத லைனில் அதைச் சுட வைக்கும் சர்ஜ் எங்கிருந்து வரும்? அங்கே எதிரி கைத்தொடு இஎஸ்டி. 8 கிலோவோல்ட்டில் 30 ஆம்பியர் ஒரு நானோசெகண்டுக்குள் ஏறும். அரேயின் கிரவுண்ட் தடம் 10 மில்லிமீட்டர் நீண்டால், சுமார் 10 நானோஹென்றி, அதிலேயே 300 வோல்ட் நிற்கும். சிக்னல் தடம் அரேயின் கால் வழியாகவே ஐசிக்குப் போகட்டும், கிளை வேண்டாம்.

கெடிலம்: எல்விடிஎஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். 485-க்கு ஐசொலேட்டட் டிரான்சீவர் (லைனையும் சர்க்யூட்டையும் மின் தொடர்பின்றிப் பிரிக்கும் ஐசி) போட்டால் ஜிடிடி தேவையில்லைதானே?

பேனல்_வேலை: ஐசொலேஷன், இரண்டு கட்டடத்து எர்த் வித்தியாசத்துக்கு. ஏ, பி நடுவே வரும் சர்ஜை அது தடுக்காது. இரண்டும் வேண்டும். ஜிடிடி எர்த் வயர் ஒரு மீட்டர் நீண்டால், 1 கிலோஆம்பியரில் 125 வோல்ட் கூடும். கடலோர உப்பில் எர்த் பிட் ஜாயின்ட் துருப்பிடிக்கும். பருவமழைக்கு முன் பிரித்துத் தேய்த்து முறுக்குங்கள். பவரை நிறுத்தி, லைனைக் கழற்றி, ஐசி பக்கத்தில் ஏ-கிரவுண்ட், பி-கிரவுண்ட் ஓம் பாருங்கள். சில ஓம் காட்டினால் டிவிஎஸ் ஷார்ட்.