மந்தகாலம்: விற்பனை பத்து சதவீதம் குறைந்தால் ஆலைக்கு ஆர்டரே நிற்பது ஏன்?

கொள்முதல்:
வந்த ஆர்டரை வைத்தே தேவையை எடைபோடுவதுதான் மந்தகாலத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் வாரம் 100 பெட்டி விற்கிறது, நான்கு வார இருப்பாக 400 இருக்கிறது. விற்பனை 90 ஆகிறது. இனி 360 இருப்பு போதும். 400-இல் 90 போனால் மிச்சம் 310, ஆர்டர் வெறும் 50. விற்பனை 10 சதவீதம்தான் இறங்கியது, ஆர்டர் பாதியாகிவிட்டது!

மொத்த வியாபாரியும் இதே முறையில் 400 வைத்திருந்தால்? வாரத் தேவை 50 என்று நம்பி, 200 போதும் என்பார். கையில் 350 இருக்கிறது. ஆலைக்கு ஆர்டர் பூஜ்யம். அடுத்த வாரம் கடை 90 கேட்கும். அவரிடம் 260 மிஞ்சும், 360 ஆக்க 100 கேட்பார். ஆலை காண்பது 100, 0, 100. பூஜ்யம் வந்த வாரமே ஆட்குறைப்பு செய்த ஆலை அடுத்த வாரம் சரக்கு தர முடியாமல் தவிக்கும். சாட்டையைப் போலத்தான்: பிடியில் சிறு அசைவு, நுனியில் பெரிய வீச்சு.

ஆர்டரோடு கடையின் பில் விற்பனையையும் வாராவாரம் கேட்டு வாங்குங்கள். மிகுதி இருப்பை (இங்கே 40 பெட்டி) ஒரே வாரத்தில் கழிக்காமல் வாரம் கால் பங்காகக் கழித்தால், முதல் வாரம் கடையின் ஆர்டர் 50-க்குப் பதில் 80 ஆகும்.

உலோகச் சரக்கு:
உலோகத்தில் இன்னொரு சிக்கல், நினைத்தவுடன் உற்பத்தியை நிறுத்த முடியாது. அலுமினிய உருக்காலையில் சில மணி நேரம் மின்சாரம் போனாலே தொட்டியில் உள்ள உலோகக் குழம்பு உறைந்துவிடும். மறுபடி ஓட்டப் பெரும் செலவு. அதனால் நஷ்டத்திலும் ஓட்டுவார்கள், கிடங்கில் சரக்கு குவியும், விலை சரியும். 2008 ஜூலையில் டன் 8,000 டாலருக்கு மேல் விற்ற செம்பு டிசம்பரில் 3,000-க்கும் கீழே போனது. கச்சா எண்ணெய் இன்னும் மோசம்: 2020 ஏப்ரல் 20 அன்று, அமெரிக்காவின் குஷிங் நகரக் கிடங்குகளில் இடம் கிடைக்காத நிலையில், மே மாதம் எண்ணெய் ஒப்படைப்பதற்கான அமெரிக்க ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது, அதாவது விற்பவரே பணம் கொடுக்கும் நிலை.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குவிக்காதீர்கள். வாடகை, வட்டி, காப்பீடு மூன்றையும் கூட்டுங்கள். இன்றைய விலைக்கும் முன்பேர விலைக்கும் (பின்னொரு தேதியில் சரக்கு தர இன்றே பேசும் விலை) உள்ள வித்தியாசம் அதைவிடக் குறைவென்றால் வைத்திருப்பதே நஷ்டம்.

இயந்திர விற்பனை:
100 இயந்திரம் ஓடும் ஆலை ஆண்டுக்கு 10 பழையதை மாற்றும் என்று வையுங்கள். தேவை 10 சதவீதம் குறைந்தால் 90 போதும், அந்த ஆண்டு புதிதாக ஒன்றுகூட வாங்காது. தேவை குறையாமல் 'என்ன ஆகுமோ' என்ற பயம் மட்டும் இருந்தாலும் வாங்குவது தள்ளிப்போகும். பழையதையே ஓட்டுவதால் பேரிங், பெல்ட், சீல் விற்பனை கூடும். முதலீட்டை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

கடன் வசூல்:
பணம் வரும் நாளையும் கவனியுங்கள். 30 நாளில் கொடுத்தவர் 45, 60 என்று இழுத்தால் அவர் சரக்கும் தேங்குகிறது என்று சந்தேகப்படலாம். இழுத்துக்கொண்டே வழக்கத்தைவிட அதிகம் ஆர்டர் போடுகிறாரா? வேறெங்கும் கடன் கிடைக்காததால் உங்களிடம் வந்திருக்கலாம். பழைய பாக்கி தீரும்வரை அடுத்த லோடு அனுப்பாதீர்கள்.