மறு: பேட்டினாவுக்குத் தமிழ்ச்சொல் – ‘காலமெருகு’ ஒத்துவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பேட்டினாவுக்கு, அதாவது காலமும் பயன்பாடும் ஒரு பொருளின் மேற்பரப்பில் விட்டுச்செல்லும் அழகான மாற்றத்துக்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த உரையாடலை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். களிம்பு, கறை, பழமைப்படலம், முதிர்வு, முதுமெருகு என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டன. ஆறாவதாக நான் ஒன்றை வைக்கிறேன்: காலமெருகு. ஏன் இது என்று சொல்வதற்கு முன், எந்தப் பொருளுக்குச் சொல் தேடுகிறோம் என்பதை ஒரு காரை வைத்தே காட்டிவிடுகிறேன். அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் சுற்றிச் சுற்றித்தான் வருவோம்.

நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு 1967 எம்ஜிபியை மீட்டமைத்து வருகிறோம். இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். எங்களுடையது மேல்துணியை மடக்கித் திறந்துகொள்ளும் வகை, இரண்டே சீட்டு. ஓட்டுபவர் பக்கக் கதவின் மேல்விளிம்பில், முழங்கை வைக்கும் இடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து பிரைமர் என்ற அடிப்பூச்சு நிழலாடுகிறது. ஸ்டியரிங் வளையத்தில் இரண்டு கைகளும் பிடிக்கும் இடங்கள் வழவழவென்று இருக்கின்றன. சீட்டுத் தோலில் ஏறி இறங்கும் பக்கம் மட்டும் சுருக்கம் அதிகம். பானட்டின் சிவப்பு வெயில் பட்டுப் பட்டுச் செங்கல் நிறத்துக்கு இறங்கியிருக்கிறது. யாரோ இதை ஆசை ஆசையாக ஓட்டியிருக்கிறார்கள், நிறைய ஓட்டியிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் தெரியும். இதற்குத்தான் சொல் வேண்டும்.

டிக்கி மூடியிலும் இதே நிறம் இருந்தது. அதை நானே கெடுத்தேன். பளபளப்பாக்கலாம் என்று பாலிஷ் மிஷினைப் பிடித்தேன். விளிம்பில் இரண்டு வினாடி கூடுதலாக நின்றுவிட்டது, அடிப்பூச்சு தெரிந்துவிட்டது. ஆலையில் அடித்த பெயிண்ட் பொதுவாக 100 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மடிப்புகளிலும் விளிம்புகளிலும் அதைவிட மெல்லியது. அப்புறம் நிறம் கலக்கி அந்த மூடிக்கு மட்டும் புதிதாக அடித்தோம். பக்கத்துத் தகடுகளோடு அது இன்றுவரை ஒட்டவில்லை. மிஷினைக் கையில் எடுத்தபோது என் மனதில் இருந்த சொல் ‘கறை’. சொல் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

> கறை என்பதே போதுமே, புதுச்சொல் எதற்கு?

மேலே சொன்னதுதான் பதில். கறை என்று காதில் விழுந்தவுடன் கை துணியைத் தேடும். பேண வேண்டிய ஒன்றுக்குப் போக்க வேண்டிய ஒன்றின் பெயரை வைக்க வேண்டாம்.

> களிம்பு பழைய சொல். செம்பில் ஏறுவது. அதையே விரித்துக்கொள்ளலாம்.

செம்பைப் பொறுத்தவரை களிம்புதான் சரியான சொல், சந்தேகமில்லை. ஆனால் காரில் செம்பும் பித்தளையும் சிறுபாகம். தோல், மரம், பெயிண்ட், பிளாஸ்டிக், அலுமினியம் எல்லாவற்றுக்கும் களிம்பை நீட்ட முடியாது. இன்றைய வாசகருக்குக் களிம்பு என்றால் புண்ணுக்குப் போடும் மருந்து. ‘கதவில் களிம்பு இருக்கிறது’ என்று எழுதினால் யாரோ எதையோ தடவிவிட்டார்கள் என்றே படிப்பார்.

> துருவும் காலம் செய்வதுதானே? அதுவும் இதில் அடங்குமா?

இந்தக் கேள்வி மிக முக்கியம். என் பதில்: அடங்கக் கூடாது. அலுமினியத்தின் மேல் தானாகப் படியும் ஆக்சைடு உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு அதற்குக் காப்பாக நிற்கிறது. ஜாகுவார் எக்ஸ்கே120-இன் முதல் 240 சொச்சம் கார்களுக்கு அலுமினிய உடல். தொடாமல் விட்டால் அந்தத் தகட்டில் ஏறும் சாம்பல் நிறம் அதற்குக் கேடு செய்வதில்லை. இரும்பின் கதை வேறு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உப்பி, செதில் செதிலாக உதிர்ந்து, ஈரத்துக்கும் காற்றுக்கும் உள்ளே வழிவிடும். நிற்கவே நிற்காது.

எம்ஜிபியில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதற்குத் தனிச் சேசிஸ், அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவத் தகடுகள்தான், அதாவது சில், வண்டியின் முதுகெலும்பு. மேலே கூரையும் இல்லாததால் பாரம் முழுக்க அவற்றின் மேல்தான். எங்கள் காரை ஜாக்கியில் தூக்கியபோது கதவின் இடுக்கு மாறியது; அப்போதே உள்ளே அழுகிவிட்டது என்று தெரிந்தது. வெளித்தகட்டை வெட்டிப் பார்த்தால் உள்தகட்டில் விரல் நுழைகிறது. உடலுக்கு நல்ல முட்டுக் கொடுத்து, கதவு திறப்பில் குறுக்குச் சட்டம் பிடித்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் வெட்டினோம். இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு சாத்தாது. இதைப் போய்ப் ‘பழமை அழகு’ என்று விட்டுவைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் நம் சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது ‘வலுவைக் குறைக்காத’ என்ற ஒரு சொற்றொடர் கட்டாயம் இருக்கட்டும். பழமைப்படலமும் முதிர்வும் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன. துருவும் ஒரு படலம்தானே, அதுவும் முதிர்வுதானே என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. மெருகு என்று சொல்லிவிட்டால் துரு தானாகவே வெளியே போய்விடுகிறது. துருவை யாரும் மெருகு என்று சொல்லமாட்டார்கள்.

> முதுமெருகு: முதுமொழி, முதுமரம் போல. மோனையும் அமைகிறது.

கேட்கவே இனிமையான சொல். இரண்டு நாள் இதன் பக்கம்தான் இருந்தேன். விலகியதற்கு ஒரே காரணம், முது என்பது வயதைத்தான் சொல்கிறது, செய்தவர் யாரென்று சொல்லவில்லை. போன மாதம் முழுசாகப் பெயிண்ட் அடித்த 1961 ஜாகுவார் ஈ-டைப்பும் முதுகார்தான், மின்னவும் செய்கிறது. அதை முதுமெருகு என்று ஒருவர் சொன்னால் தவறென்று எப்படிச் சொல்வது? காலமெருகு என்றால் காலம் தந்த மெருகு. காலம் + மெருகு, மகரம் கெட்டுப் புணர்ந்து காலமெருகு. முதுமெருகைப் போலவே ஐந்தே எழுத்து.

இனி எனக்கு மிகவும் பிடித்த காரணம். மெருகு தமிழில் இரண்டு வினைகளோடு வரும்: ஏறு, ஏற்று. ஏறுவது தன்வினை, ஏற்றுவது பிறவினை. கார் உலகத்தில் பல ஆண்டுகளாக நடக்கும் சண்டையே இதுதான். உண்மையான பேட்டினாவுக்கு நல்ல மதிப்பு வந்ததும் போலியாகச் செய்யத் தொடங்கினார்கள். புதுப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பது, உப்புத் தண்ணீர் தெளித்து மேலாகத் துரு வரவைப்பது, கடைசியில் லாக்கர் என்ற நிறமற்ற மேற்பூச்சை மங்கலாக அடித்து மூடுவது. கூர்ந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்: கையோ முழங்கையோ படவே வாய்ப்பில்லாத இடத்தில் தேய்ந்திருக்கும். இங்கே ‘காலமெருகு ஏறிய கார்’ என்றால் அசல், ‘மெருகு ஏற்றிய கார்’ என்றால் ஆள் வைத்துச் செய்தது. ஒரு வல்லின ஒற்று மொத்த வழக்கையும் தீர்த்துவைக்கிறது. பேட்டினா என்று அப்படியே எழுதினால் இந்த வசதி கிடைக்காது. ‘போலி’ என்று தனியாக ஒட்டவைக்க வேண்டும்.

> மங்கிப்போன பெயிண்டில் மெருகு எங்கே இருக்கிறது? சொல்லே முரண்படுகிறதே.

நியாயமான மறுப்பு. ஸ்டியரிங், சீட்டுத் தோல், கியர் குமிழ் இவற்றில் உண்மையிலேயே மெருகு ஏறுகிறது, அங்கே சிக்கல் இல்லை. பானட்டில்தான் பளபளப்பு குறைகிறது. ஆனால் மூலச்சொல்லின் வரலாற்றைப் பாருங்கள். இத்தாலியரான பால்தினூச்சி 1681-இல் வெளியிட்ட கலைச்சொல் அகராதியில் பேட்டினாவை ஓவியர்களின் சொல்லாகப் பதிவு செய்கிறார்: ஓவியத்தின் மேல் காலம் கொண்டுவரும் பொதுவான கருமை, சில நேரம் அது ஓவியத்துக்கு நன்மையும் செய்யும் என்கிறார். அங்கேயும் மங்குவதுதான் நிகழ்கிறது, ஆனாலும் அதை ஒரு கூடுதலாகவே பார்த்திருக்கிறார்கள். ‘பேச்சில் மெருகு ஏறியிருக்கிறது’ என்று நாம் சொல்லும்போதும் பளபளப்பையா நினைக்கிறோம்? பழகிப் பழகி வந்த தேர்ச்சியை, ஒரு இணக்கத்தை நினைக்கிறோம். மங்கிய சிவப்புக்கும் அந்தப் பொருளில் மெருகு பொருந்தும் என்பது என் கட்சி.

தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 பிப்ரவரியில் பாரிஸில் பெயோன் சேகரிப்பு என்ற பழைய கார்களின் தொகுப்பு ஏலத்துக்கு வந்தபோது, அதிலிருந்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடரைத் தூசியோடே காட்சிக்கு வைத்தார்கள். பார்க்க மனம் உருகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூசி, ஓட்டாமல் கிடந்ததால் வந்தது. காலமெருகு, ஓட்டியதால் வந்தது. கழுவினால் போவது காலமெருகு இல்லை என்று விளக்கத்தில் சேர்த்துவிடலாம்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனமும் பேணுவதையும் மீட்டமைப்பதையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் பேசுகிறது. நாம் ரெஸ்டோரேஷனுக்கு மீட்டமைப்பு என்று முன்பே முடிவு செய்தோம். அதன் பக்கத்தில் ‘காலமெருகு பேணல்’ இயல்பாக உட்காரும். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

‘காலமெருகு கெடாமல் பிரேக்கையும் சில்லையும் மட்டும் சரிசெய்தோம்.’
‘டிக்கி மூடியில் காலமெருகு போய்விட்டது.’
‘இந்தக் கதவில் நல்ல காலமெருகு.’

மூன்றும் என் வாயில் தடுக்கவில்லை. நீங்களும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

எனக்குத் தீராத இடம் ஒன்று உண்டு. குரோமியப் பூச்சில் புள்ளி புள்ளியாக வருமே, அதை எந்தப் பக்கம் சேர்ப்பது? பூச்சின் நுண்ணிய ஓட்டை வழியே ஈரம் இறங்கி அடியில் இருக்கும் உலோகம் அரிப்பதால் வருவது அது. ஆகவே துருவின் பங்காளி. ஆனால் பம்பரின் வலுவை அது குறைப்பதில்லை. எங்கள் நால்வரில் இருவர் பம்பரைப் புதிதாகப் பூச்சுக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள், நானும் இன்னொருவரும் வேண்டாம் என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பம்பரைக் கழற்றுகிறோம். பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புகிறேன். பார்த்துவிட்டு, இதற்குக் காலமெருகு என்று சொல்லலாமா கூடாதா என்று எழுதுங்கள்.