வெள்ளை அணு 7,800, ஆனாலும் புண் ஆறவில்லை. ஏன்?

வயல்வரம்பு:
திருகோணமலை தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர், 58 வயது, சீனி வருத்தம் 11 வருஷம். வெறுவயிற்றில் 214, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் சோதனை) 9.8. குதிகால் பித்தவெடிப்பு புண்ணாகி 3 கிழமை ஆகிறது. இரத்தச் சோதனையில் வெள்ளை அணு 7,800, சரியான அளவுதான். காய்ச்சலும் இல்லை. எதிர்ப்புச் சக்தி நல்லாத்தானே இருக்கு? உப்புச் சுடுதண்ணியில் கால் ஊறவைக்கலாமா?

கொட்டியாரம்:
7,800 என்பது தலைக்கணக்கு. 4,000 முதல் 11,000 வரை ஆள் இருக்கா என்றுதான் அது சொல்லும், வேலை நடக்குதா என்று சொல்லாது. புண்ணுக்கு முதலில் ஓடிவருவது நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு வகை. சீனி கூடினால் அது மெதுவாக வந்து சேரும், கிருமியை விழுங்குவதும் குறையும். விழுங்கிய கிருமியைக் கொல்லத் தேவையான என்ஏடிபிஎச் என்ற பொருளில் ஒரு பங்கு, மிகுதிச் சீனியை சோர்பிட்டோலாக மாற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது. 200க்கு மேலே நிற்கிற சீனியோடு மருந்து மட்டும் போட்டுப் பயன் குறைவு. சீனி இறங்கினால் அணுவின் வேலையும் பெரும்பகுதி மீளும். கிளினிக்கில் இன்சுலின் தொடங்கச் சொன்னால் தள்ளிப்போடாதேங்கோ.

காய்ச்சல் இல்லை, அணு கூடவில்லை என்பதை நம்பி இருக்கவும் வேண்டாம். காலில் ஆழமாகத் தொற்று உள்ளபோதும் இரண்டும் சாதாரணமாக இருக்கலாம். புண்ணைச் சுற்றிச் சிவப்பு 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால், நாற்றம் வந்தால், உள்ளே எலும்பு தட்டுப்பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆய்வுகூடத்தான்:
வயல் என்றபடியால் இதையும் சொல்லவேணும். மாரியில் சேற்றிலும் தேங்கிய தண்ணியிலும் மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயின் கிருமி இருக்கும். வெடிப்பு வழியாக உள்ளே போகும். அது அதிகம் பிடிப்பது சீனி வருத்தக்காரரை. நாள்பட்ட காய்ச்சல், நிமோனியா, ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி என்று வரும், காசநோய் போலவும் ஏமாற்றும். வழக்கமான மருந்து பலதுக்கு மசியாது. காய்ச்சல் வந்தால் "சீனி இருக்கு, வயலில் இறங்கினவர்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கோ. அன்ரிபயோட்டிக் ஏற்றுறதுக்கு முதல் இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கவேணும், பிந்தினால் கிருமி வளராமல் போகலாம். அதுதான் என்று தெரிந்தால் குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி, பிறகு சுமார் 3 மாதம் குளிசை. காய்ச்சல் விட்டதும் குளிசையை நிப்பாட்டினால் திரும்ப வரும்.

புண் ஆறும்வரை சேற்றில் இறங்கவே வேண்டாம். ஆறினபிறகு பூட்ஸ்.

கொட்டியாரம்:
ஊறவைக்கிற கதை விட்டுப்போச்சு. வேண்டாம். தோல் ஊறி வெடிப்பு இன்னும் பிரியும். சீனியால் உணர்ச்சி குறைந்த கால் சூட்டையும் அறியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும். சேலைனால் கழுவி, ஒற்றியெடுத்து, சுத்தமான கட்டு. வெடிப்புக்குப் பூசுகிற கிரீம் புண் இல்லாத தோலுக்கு மட்டும், விரல் இடுக்கில் பூசினால் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். கோணேசர் கோயில் வீதியில் நடுப்பகலில் வெறுங்காலோடு நடக்கிறதும் இப்ப வேண்டாம். விடியக்காலையில் செருப்போடு போய் வரட்டும்.