புதுப்பிப்பு: பிக்கப்புக்கு எக்ஸ்ட்ரா ஸ்பிரிங் பட்டை நானே போட்டுட்டேன்

லோடு ஏத்துனா வண்டி பின்னாடி உக்காந்துருது, எக்ஸ்ட்ரா பட்டை (பின்னாடி லோடத் தாங்குற ஸ்பிரிங் பட்டை) போட பட்டறையில 7,000 கேக்குறாய்ங்க, நாமளே போடலாமான்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல? போட்டாச்சுப்பா. சாமான் 4,200தான், ஆனா அரை நாள் வேலைன்னு நெனச்சது ரெண்டு ஞாயித்துக்கிழமைய தின்னுருச்சு.

பட்டையையும் ஆக்சிலையும் (ரெண்டு பின்சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற தண்டு) சேத்துப் பிடிக்கிற பழைய யூ போல்ட்டு நட்டு துருப்பிடிச்சு, டீசல் ஊத்தி ராத்திரி பூரா ஊறவச்சும் அசையல, கடைசில கிரைண்டர வச்சு அறுத்தேன் (எப்படியும் பழசத் திரும்ப மாட்டக்கூடாது, டைட் பண்ணி நீண்டு போனது, புதுசுதான் போடணும்). அப்புறம் பட்டைகள நடுவுல கோத்து வைக்கிற சென்டர் போல்ட்டு தலை ஆக்சில் குழியில உக்காரவே மாட்டேன்னுருச்சு, மாப்ள ஜாக்கிய கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி எறக்க நான் கடப்பாரைய வச்சு நெம்ப, ஒரு மணி நேரம் அதுலயே போச்சு. வெறும் ஜாக்கிய நம்பி அடியில படுத்துறாதீங்க, சேஸிஸுக்கு ஸ்டாண்டு குடுங்க. கடைசி டைட்டு சக்கரம் தரையில நின்னப்பறம்தான்.

உசிலம்பட்டிலருந்து மாட்டுத்தாவணிக்கு தக்காளி ஏத்திட்டுப் போனேன், நிமிந்து நிக்குது. ஆனா காலியா வரும்போது ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் தூக்கிப் போடுது, வீட்டம்மா இனி ஏறமாட்டேன்னுட்டா. பட்டை கூடுனதால ஆர்சில போட்ட எடை கூடிராது, அதையும் மாப்ளட்ட சொல்லி வச்சிருக்கேன். 300 கிலோமீட்டர் ஓடுனப்பறம் செக் பண்ணா நட்டு ஒவ்வொண்ணும் கால் சுத்து வாங்குச்சு.