கரிமீனின் மடகாஸ்கர் சொந்தம்: நிலத்தோடு பிரிந்ததா, கடல் தாண்டியதா?

அடையாறு ஆமை:
முட்டுக்காடு உப்பங்கழியில் கிடைக்கும் கரிமீனும் நம் ஏரிகளில் மண்டிக் கிடக்கும் ஜிலேபியும் சிக்லிட் குடும்பம்தான். ஆனால் ஜிலேபி மனிதர்கள் கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்கக் கிளை. கரிமீனுக்கு நெருங்கிய சொந்தம் மடகாஸ்கரின் பாரெட்ரோப்ளஸ் மீன்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். இவற்றின் மூதாதை அதற்கு முன்பே அங்கே இருந்தது, நிலம் பிளந்தபோது பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள் என்பது என் கட்சி.

எழும்பூர் எலும்பன்:
சரி சார், புதைபடிவம் எங்கே? தெரிந்ததிலேயே மிகப் பழைய சிக்லிட்டுகள் டான்சானியாவின் மஹெங்கேயில் கிடைத்தவை. வயது சுமார் 4.6 கோடி. உங்கள் கணக்கில் பாதிதான் தேறும். மடகாஸ்கரின் மயேவரானோ படிவுகளில், மஜுங்காசாரஸ் டைனோசர் கிடைத்த அதே இடத்தில், சுமார் 7 கோடி ஆண்டுப் பழைய மீன்கள் உண்டு. நீள்மூக்குக் கார் (gar) மீன்கூட இருக்கிறது, சிக்லிட் மட்டும் இல்லை. 2013-ல் ஃப்ரீட்மேன் குழு புதைபடிவம், மரபணு இரண்டையும் வைத்துக் கணக்கிட்டது. இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா எல்லாம் ஒன்றாக இருந்த கோண்ட்வானா பெருநிலம் உடைந்து வெகுகாலம் கழித்துத்தான் சிக்லிட் குடும்பமே தோன்றியது என்று முடித்தார்கள்.

மயிலாப்பூர் மாமி:
உருண்டைக் கல்லைப் பிளந்தால் இரண்டு பாதியிலும் மீன் பதிந்திருக்குமே, செதில்கூட வரிசையாகத் தெரியும். அதுவும் மடகாஸ்கர்தானே?

எழும்பூர் எலும்பன்:
அது சுமார் 25 கோடி ஆண்டுப் பழைய கடல் மீன், மேடம். அப்போது மடகாஸ்கர் தீவே இல்லை. இந்த வழக்குக்கு உதவாது.

அடையாறு ஆமை:
டைனோசர்கள் அழிந்த பிறகு வந்த 6.6 கோடி ஆண்டுகளில் பெரும்பகுதிக்கு மடகாஸ்கரில் நிலவாழ் உயிர்களின் படிவே கிடையாது. பதிவேடே எரிந்துபோன ஊரில் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறீர்கள்.

குரோம்பேட்டை குறவை:
அண்ணே, ஒரே நிலமாக இருந்தது என்றால் நம் கெண்டை வகையில் ஒன்றாவது அங்கே இருக்க வேண்டாமா? அங்கே கெண்டை இனமே இயற்கையாகக் கிடையாது. உப்பு தாங்கும் குடும்பங்கள்தான் அதிகம். கரிமீனும் உப்புத் தண்ணீரில் சாவகாசமாக வாழ்வதுதானே. கடல் வழி வந்தவை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அடையாறு ஆமை:
கெண்டை இந்தியாவுக்கே ஆசியாவோடு மோதிய பிறகு வந்த கூட்டம் என்றுதான் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அதற்குள் மடகாஸ்கர் எங்கோ போய்விட்டது. அப்புறம் உப்பு. கழிமுகத்து உப்பைத் தாங்குவது வேறு, நடுக்கடலைத் தாண்டுவது வேறு. கரிமீன் முட்டையைக் கல்லிலோ கட்டையிலோ ஒட்டும். தாயும் தகப்பனும் மாறி மாறி விசிறிக் காவல் காக்கும், குஞ்சு வெளிவந்த பிறகும் கூடவே சுற்றும். நீரோட்டத்தில் மிதந்து போகிற வாழ்க்கையா இது?

எழும்பூர் எலும்பன்:
முட்டை போக வேண்டாம் சார், வளர்ந்த மீன் ஒரு ஜோடி போதும். 2017-ல் வந்த ஆய்வும் ஆப்பிரிக்க, அமெரிக்க சிக்லிட்டுகள் பிரிந்தது சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன், அட்லாண்டிக் திறந்த பிறகு என்கிறது. அட்லாண்டிக்கைத் தாண்டியதற்கு இது முடியாதா?

அடையாறு ஆமை:
கண்ணில்லாத குகை மீனும் தாண்டியதா? மடகாஸ்கரின் டைஃப்ளியோட்ரிஸுக்கு நெருங்கிய சொந்தம் ஆஸ்திரேலியக் குகைகளில் இருக்கிற மில்யெரிங்கா. 2012-ல் வந்த ஆய்வு அது. இரண்டின் மூதாதையும் குகைவாசிதான் என்கிறார்கள்.

எழும்பூர் எலும்பன்:
அந்த மூதாதைக்கும் புதைபடிவம் இல்லை. 8.8 கோடிக்கு முந்தைய சிக்லிட் பல் ஒன்று வரட்டும், நான் கட்சி மாறுகிறேன்.